வெள்ளை வானத்தில் கறுப்புப் புள்ளிகள்

லென்ஸைக் கழற்றி மாட்டும் பழைய டி.எஸ்.எல்.ஆரா, பாக்கெட்டில் அடங்கும் காம்பாக்ட் கேமராவா? இரண்டும் செகண்ட் ஹேண்ட். என்னால் ஒன்றைத்தான் வாங்க முடியும். எடை, ஜூம், பேட்டரி என்று மார்க் போட்டேன். காம்பாக்ட் ஜெயித்தது. கடைக்குள் எடுத்த படங்களும் பளிச்சென்று இருந்தன. ஆனாலும், ஒரு நாள் சோதித்துப் பார்க்கச் சொல்லி, கள்ளக்குறிச்சி ஸ்டூடியோக்காரர் இரண்டையும் கொடுத்தனுப்பினார்.

தோழி ஸ்டெல்லாவுடன் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். மேலே ஒரே பனிமூட்டம்! இரண்டிலும் ஆசைதீர எடுத்தேன். காம்பாக்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஸ்டெல்லா சிரித்தாள்.

“இன்னாடி, வானத்துல ஈ மொய்ச்சிக்கினு இருக்குது? இதுக்கு எத்தினி மார்க் போட்ட?”

கடைக்குள் எடுத்தவற்றில் கண்ணில் படாத புள்ளிகள், வெள்ளை வானத்தில் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் தெரிந்தன. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் தூசி! டி.எஸ்.எல்.ஆரிலும் இருந்தது.

மாலையில் ஸ்டூடியோக்காரர் டி.எஸ்.எல்.ஆரின் லென்ஸைக் கழற்றி, ரப்பர் ஊதியால் நாலு ஊது ஊதினார். புள்ளிகள் மாயம்!

“அந்தச் சின்னதுல?”

“அதுல லென்ஸ் கழறாது, அத்த முழுசா பிரிக்கணும்மா. பிரிச்சா தேறுமான்னு என்னால சொல்ல முடியாது.”

நல்லவேளை, தப்பித்தேன்! டி.எஸ்.எல்.ஆரைத் தோளில் மாட்டிக்கொண்டு துள்ளிக் குதிக்காத குறையாக வீடு வந்தேன்.

இப்போது நண்பர்கள் யாராவது பழைய கேமரா வாங்கக் கூப்பிட்டால், முதலில் கடைக்கு வெளியே வந்து வெறும் வானத்தைத்தான் படம் எடுக்கிறேன்.