றஸ்ரி சோதினையில் பெயிலான கதை

நாய்களுக்கும் சோதினை இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் முதலில் யாரும் நம்பவில்லை. சனிக்கிழமைகளில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரியூஷனுக்குப் போய்வந்த காலம் அது. நாயைக்கூட விட்டுவைக்க மாட்டார்களா என்று எனக்கு இரக்கமாக இருந்தது. அம்மா சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரருக்கு வேறை வேலை இல்லையே தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அப்பா இல்லாத எங்கள் வீட்டில், ஊரைவிட்டு வந்து யூனியன்வில்லில் வாடகைக்கு இருந்த அந்தச் சின்ன வீட்டில், எல்லாவற்றுக்கும் அவர்தான். அவர் வேலை செய்த தளபாடப் பட்டறையின் முதலாளிக்கு வேட்டையில் பைத்தியம். றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஒரு பண்ணையில் வேட்டை நாய்கள் வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா அங்கே போய், கூடு கழுவி, சாப்பாடு வைத்து, குட்டிகளை வயலில் ஓடவிட்டுக் கொண்டுவருவார். நானும் காரில் தொற்றிக்கொள்வேன். றஸ்ரி என்ற கபில நிறக் குட்டி அப்படித்தான் எனக்குப் பழக்கமானது. என் கையிலிருந்த பாதிச் சாப்பாடு அதன் வயிற்றுக்குத்தான் போனது.

இளம் நாய்களை வயலில் விட்டு நடுவர்கள் புள்ளி போடும் நாள் வந்தது. றஸ்ரி பாஸானால் வடக்கேயிருந்து ஒரு வேட்டைக்காரர் வந்து வாங்கிப் போய்விடுவார். பெயிலானால் தனக்குப் பிரயோசனமில்லை, நீயே கொண்டுபோ என்று முதலாளி சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். ஆகவே நான் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் ஒரு தேங்காய்க்குப் பேசி வைத்தேன். பாஸாக வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளைத்தான் அவருக்குப் பழக்கம். பெயிலாக வேண்டும் என்று கேட்டது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அன்று குளிர் தொடங்கியிருந்தது. செம்மஞ்சள் தொப்பி போட்ட மூன்று நடுவர்கள் அட்டைகளோடு வந்தார்கள். அவர்களில் ஒருவர் நரைத்த தலையுள்ள பெண்மணி. முதலாளிக்கு முழங்கால் வருத்தம் என்பதால் நாயைக் கொண்டு நடக்க வேண்டியவர் சித்தப்பா. நானும் முதலாளியும் வேலியோரம் நின்றோம். உயரமான புல்லுக்குள் காடைகளை முன்பே ஒளித்து வைத்திருந்தார்கள்.

முதலாளி எனக்கு விதிகளைச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்குக் குழப்பம் கூடியது. நாய் நன்றாக ஓடித் தேட வேண்டும். ஆனால் பறவையின் மணம் வந்ததும் ஓடக் கூடாது, பாயக் கூடாது, குரைக்கவும் கூடாது. அப்படியே விறைத்து நின்று மூக்கால் காட்ட வேண்டும். பிறகு மனிதன் போய்ப் பறவையைக் கிளப்புவான். அன்று எந்தப் பறவையையும் சுடுவதில்லை, சும்மா பறக்க விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார். ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு முழுப் புள்ளியா? எங்கள் வகுப்பில் நான் அப்படி நின்றால் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

முதலில் வெடிச் சத்தம். நாய் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நடுவர் சத்தம் மட்டும் வரும் துவக்கால் வானத்தைப் பார்த்துச் சுடுவார். பயந்து ஓடுகிற நாய் சோதினையில் தப்பாது. நான் றஸ்ரி பயப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சித்தப்பா பயந்துவிடக் கூடாதே என்றும் வேண்டினேன், ஏனென்றால் வாணவெடி விடும் நாட்களில் எங்கள் சொந்தக்காரர் பலர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். வெடி வெடித்தது. நாயும் மிரளவில்லை, சித்தப்பாவும் மிரளவில்லை. பிள்ளையார் பாதி வேண்டுதலை மட்டும் கேட்டிருக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

பிறகுதான் அது நடந்தது. வளைந்து வளைந்து ஓடிய றஸ்ரி சட்டென்று நின்றது. கழுத்து நீண்டு, வால் நேராகி, முன்னங்கால் ஒன்று பாதியில் தூக்கியபடி நின்றுவிட்டது. இமைகூட அசையவில்லை. அதன் பார்வை ஒரேயொரு புல் பற்றையில் இருந்தது. முதலாளி மூச்சை இழுத்துப் பிடித்தார். நடுவர்கள் எழுதத் தொடங்கினார்கள். இனி நாய் வேட்டைக்காரருக்குத்தான் என்று எனக்கு அழுகை வந்தது.

சித்தப்பா பற்றையிடம் போகவில்லை. நாயைப் பார்த்தபடி நின்றார். பிறகு, எங்களுக்கும் கேட்கும்படி, "விடு. விட்டிட்டு வா" என்றார். றஸ்ரி குழம்பிப்போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அவர் மறுபடியும் கூப்பிட்டார். அது பறவையை விட்டுவிட்டு அவரிடம் ஓடியது.

நரைத்த தலைப் பெண்மணி வந்து, நாயைக் கூப்பிடக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். விளங்கியது என்று சித்தப்பா தலையசைத்தார். இன்னொரு காடைக்கு விட்டார்கள். றஸ்ரி மறுபடியும் அதேபோல் அழகாக நின்றது. சித்தப்பா மறுபடியும் அதைக் கூப்பிட்டுக்கொண்டார். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அட்டையில் எழுதியதை ஒருவர் வெட்டினார்.

முதலாளி கார் வரைக்கும் எங்களுக்கு முன்னால் நடந்து போனார். அங்கே வந்து நாயின் கயிற்றைச் சித்தப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அவர் கூப்பிடவேயில்லை.

திரும்பி வரும்போது றஸ்ரியின் தலை என் மடியில் கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எனக்காகத்தானே சித்தப்பா கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை" என்றார். பிறகு எங்கள் தெருவுக்குத் திரும்பாமல் நேரே ஓட்டிக்கொண்டு போனார். முதலாளி கோபித்துவிட்டார் என்ற கவலையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

நாய் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அம்மா போட்ட சட்டம் முதல் பனி விழும்வரைதான் நின்றது. பிள்ளையாருக்கும் தேங்காய் உடைத்தாயிற்று. எனக்காகச் சித்தப்பா ஒரு நாயைப் பெயிலாக்கினார் என்று வகுப்பு முழுவதும் பெருமையடித்துத் திரிந்தேன். பல வருடம் அதையே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

நான் பல்கலைக்கழகம் போன பிறகு ஒருநாள்தான் அப்பாவைப் பற்றி அம்மா சொன்னார். எனக்கு அப்போது மூன்று வயதாம். ஊரில் ஆமி சுற்றிவளைத்து, ஆம்பிளைகளைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக விட்டிருக்கிறது. வாகனத்துக்குப் பக்கத்தில், ஆமிக்கு ஆள்காட்ட, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வாய் திறக்கவில்லை, கை நீட்டவில்லை. தன் முன்னால் வந்த ஒவ்வொருவரையும் போகவிட்டவன், அப்பா முன்னால் வந்ததும் விறைத்து நின்று பார்த்தானாம். பிறகு தலையை ஆட்டினானாம். அப்பாவை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவேயில்லை. அப்பாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் சித்தப்பா. அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

றஸ்ரி எங்களோடு கனகாலம் இருந்தது. எங்கள் முன்னறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம். அதன் அடியில் அணில் வந்துவிட்டால், றஸ்ரி ஜன்னலடியில் போய்க் கழுத்தை நீட்டி, ஒரு காலைத் தூக்கி, அசையாமல் நிற்கும். சித்தப்பா சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து மூடுவார். நாயின் கண்ணில் வெயில் படுகிறது என்றுதான் அம்மா சொல்லும்வரை நான் நினைத்திருந்தேன்.