ஒத்தக்கடையில் பிரித்த கியர்

அரிட்டாபட்டிக்குப் போய்வந்தவர்கள் அங்குள்ள குடைவரைக் கோயிலைப் பற்றியும், சமணர் படுக்கையைப் பற்றியும் எழுதுவார்கள். நான் ஒரு காரின் கியரைப் பற்றி எழுதப்போகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. சிம்மக்கல்லில் ஒரு டிராவல்ஸ் கடை வாசல். மதுரையிலிருந்து அரிட்டாபட்டி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். நாள் வாடகை இரண்டாயிரத்து நானூறு ரூபாய் பேசி, சேலத்திலிருந்து வந்த நான் ஒரு ஆட்டோமேட்டிக் காருக்காகக் காத்து நின்றேன். முதலாளி வாராவாரம் செய்யும் வெள்ளிக்கிழமை பூஜையில் இருந்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் குங்குமம். பிறகு உள்ளே குனிந்து, கியர் தலையில் சந்தனம் பூசி, செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார். என் வீட்டு ஸ்கூட்டருக்கும் நான் பொட்டு வைப்பேன். அதனால் பக்தியோடுதான் ஏறி உட்கார்ந்தேன்.

ஓட்டுநர் பாண்டி, ஆனையூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். வைகைப் பாலம் தாண்டி மாட்டுத்தாவணி வரை வண்டி நன்றாகவே ஓடியது. அதற்கப்புறம் மீட்டர் பலகையில் கியரைக் காட்டும் எழுத்து விளக்கு அணைந்தது. இன்ஜின் கத்தியது, வேகம் ஏறவில்லை. யானைமலை தெரிய ஆரம்பித்ததும் பாண்டி ஒத்தக்கடையில் ஓரம் கட்டினார். பதினைந்து ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் வண்டி உயிரே பிடிக்கவில்லை.

"ரெண்டு மாசமா இதே ரோதனதான்க்கா. வெள்ளி, சனின்னா இப்படி நிக்கும். செவ்வாய், புதன் ஆச்சுன்னா சொன்ன பேச்சு கேக்கும். மொதலாளிகிட்ட எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஓட்டத் தெரியலன்னாரு."

முதலாளிக்குப் போன் போட்டதும், அவர் தனக்குப் பழக்கமான ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆளை அனுப்பினார். மடிப்புக் கலையாத சட்டை போட்ட இளைஞர், கையில் வண்டியின் கோளாறைத் திரையில் காட்டும் ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினார், திரையைப் பார்த்தார், பிடுங்கினார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை, ஒரு மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"கியர்பாக்ஸ் போச்சு. ஓடும்போது ரிவர்ஸ் போட்டா இப்படித்தான் ஆகும்" என்று முதலாளிக்குப் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சற்று நேரத்தில் பாண்டியின் போன் கிணுகிணுத்தது. மதுரை கார் ஓட்டுநர்களும் வண்டி முதலாளிகளும் இருக்கும் வாட்ஸ்அப் குழு அது. யாருக்கு எங்கே ஓட்டம் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகுமாம். அதில் வந்திருந்த குரல் பதிவைப் பாண்டி ஸ்பீக்கரில் போட்டார். முதலாளியின் குரல் டீக்கடை முழுக்கக் கேட்டது.

"ஆனையூர் பாண்டி நம்ம கியர்பாக்ஸ ஒடச்சுட்டான். யாரும் அவன் கையில ஆட்டோமேட்டிக் வண்டியக் குடுத்துறாதீங்க. அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

பாண்டி போனைச் சட்டைப் பையில் போட்டார். "முடிஞ்சுதுக்கா. இனி எவனும் கூப்பிட மாட்டான்" என்றார். இப்போது வருகிற வண்டிகளில் பாதி ஆட்டோமேட்டிக். அதை ஓட்டக் கூடாதென்றால் அந்த மனிதர் எதை ஓட்டிப் பிழைப்பார்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இளைஞரை நிறுத்தி, ஸ்கேனரை மறுபடி செருகச் சொல்லித் திரையை நானே படித்தேன். கியர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று இருந்தது. கியர்பாக்ஸ் என்ற பேச்சே அதில் இல்லை.

"மேடம், உங்களுக்கு வண்டி பத்தித் தெரியுமா?"

"வண்டியப் பத்தித் தெரியாது தம்பி. சர்க்யூட் பத்தி பாலிடெக்னிக்ல பாடம் நடத்துறேன். வீட்ல லைட் எரியலன்னா பல்பு, சுவிட்சு, ஒயருன்னு பாப்பீங்களா, வீட்டையே இடிக்கச் சொல்வீங்களா?"

அவருக்கு வேறு வேலை இருந்ததாம். போய்விட்டார். படித்த பிள்ளை, கையில் நல்ல கருவி. அது சொன்னதைக்கூடப் படிக்காமல் ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்கு ஆறவில்லை.

நாலு கடை தள்ளி ஆட்டோ எலக்ட்ரீசியன் காசிம் பாய் கடை. மின்சாரம் அளக்கும் மீட்டரை இரவல் கேட்கப் போனேன், அவரே கூட வந்தார். பாண்டி சொன்ன கிழமைக் கணக்கு என் மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை வந்து செவ்வாய்க்கிழமை போகும் கோளாறு இரும்பில் இருக்காது. நனைந்து காய்கிற ஏதோ ஒன்றில்தான் இருக்க வேண்டும்.

"கியர் மூடியக் கழட்டுங்க பாய்."

கழற்றினார். உள்ளே சந்தன மணம் கும்மென்று வந்தது. கியர் தண்டுக்கு அடியில், சென்சாரின் ஒயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்பில் மஞ்சளும் சந்தனமும் ஏடு ஏடாகப் படிந்து, மேலே அன்றைய ஈரம் பளபளத்தது. பித்தளை ஊசிகள் பச்சை பூத்திருந்தன.

"யா அல்லா, இது கியரா, அபிஷேகத் தொட்டியா?" என்றார் பாய்.

இணைப்பைக் கழற்றி அளந்தோம். வண்டியிலிருந்து ஐந்து வோல்ட் ஒழுங்காக வந்தது. மறுபடி மாட்டி, சென்சாரிலிருந்து திரும்பும் கம்பியில் மீட்டரை வைத்தால் எண்கள் நிலைகொள்ளவில்லை. கியரைத் தொடாதபோதே தாவின. ஊசிக்கு ஊசி நடுவே ஈரச் சந்தனம் வழியாக மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. கியர் எங்கே இருக்கிறது என்று புரியாமல்தான் வண்டி கிளம்ப மறுத்திருக்கிறது. பாய் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்பிரே அடித்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, காற்றடித்துக் காயவைத்தார். மறுபடி அளந்தபோது ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு எண் அசையாமல் நின்றது. பாண்டி சாவியைத் திருகினார். எழுத்து விளக்கு எரிந்தது, வண்டி கிளம்பியது. பாய் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

"அரிட்டாபட்டி போயிருவோமாக்கா? இன்னும் நேரமிருக்கு."

"சிம்மக்கல்லுக்குத் திருப்புங்கண்ணே" என்றேன். அந்தச் சமணர் படுக்கை இரண்டாயிரம் வருஷமாக அங்கேயே இருக்கிறது. பாண்டியின் பேர் அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் கெட்டுப்போயிருக்கும்.

முதலாளி கடையிலேயே இருந்தார். போனில் எடுத்திருந்த படங்களைக் காட்டினேன். பார்த்தார்.

"சாமிக்கு ஊத்துன தண்ணியில என்ன மேடம் கெட்டுறப் போகுது?"

"சாமியை நான் ஒண்ணும் சொல்லல. ஊத்தினது நீங்க. பழி மட்டும் இவர் மேலயா?"

"சரி விடுங்க. ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன்." போனை எடுத்து எதையோ அழுத்தினார். "இந்தா, அழிச்சாச்சு. பாண்டி, நாளைக்கு வெள்ளன வந்துரு."

இவ்வளவுதான். ஒரு மன்னிப்பு கிடையாது. எங்கள் ஊரிலும் இப்படித்தான் நடக்கும். தப்புச் செய்தவர் விரலால் துடைத்துவிட்டு மறுநாள் வேலைக்குக் கூப்பிடுவார், பழி சுமந்தவர் வாங்கிக்கட்டிக்கொண்டு போவார். பாண்டியும் தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

பாண்டி சாவியை மேசைமேல் வைத்தார். "அழிச்சா ஆச்சாண்ணே? கேட்டவன் அம்புட்டுப் பேரும் கேட்டுட்டானே. வண்டி ஒடைஞ்சது பாண்டியால இல்லன்னு நீங்களே பேசிப் போடுங்க. அப்புறம் வாரேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. கடையிலிருந்த மற்ற ஓட்டுநர்களும் நகரவில்லை. கடைசியில் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, காற்றுப் போகிற மாதிரி முணுமுணுத்தார்.

பாண்டி குனிந்து, பதிவு போகாமல் ரத்தாகும்படி, போனில் இருந்த அவர் விரலை மெதுவாக ஓரமாகத் தள்ளினார்.

"இப்படி இல்லண்ணே. காலையில கத்துனீங்கள்ல, அம்புட்டுச் சத்தமாப் பேசுங்க."