தெருவின் விலை

தையலக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. பள்ளிச் சட்டையிலிருந்து கல்யாணத் துணி வரை எல்லாம் அவள் கை பட்டதுதான். லாரி ஓட்டிய கணவனுக்கு இதயத்தில் ஆபரேஷன் என்றதும், இருந்த ஒரே வீட்டை விற்க இணையதளத்தில் போட்டாள். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு விலையைக் குறைத்தாள்.

யார் வேண்டுமானாலும் பார்க்கிற தளம் அது. 'விலை குறைப்பு' என்று சிவப்பு எழுத்தில் ஊருக்கே தமுக்கடித்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் தெருவே அவள் வாசலில் நின்றது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று எதிர்வீட்டுக்காரி ஆரம்பித்தாள். "இதப் பாத்துட்டு எங்க வீட்டையும் அடிமாட்டு விலைக்குல்ல கேப்பாங்க? நாங்களும் புள்ளகுட்டிக்காரங்கதானே?"

ஆபரேஷனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீடு போனாலும் இவர்கள் துணியைத் தைத்துத்தானே பிழைக்க வேண்டும் என்று, அந்தப் பைத்தியக்காரி விலையைப் பழையபடி ஏற்றிவைத்தாள்.

வாங்க ஆள் வரவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் அவள் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டிலிலேயே அவன் மூச்சு அடங்கிவிட்டது.

தெரு திரண்டு வந்து அழுதது. எதிர்வீட்டுக்காரி அவளைக் கட்டிக்கொண்டு, தலையைத் தடவி, காதோரம் குனிந்தாள்.

"மனசத் தேத்திக்கங்கக்கா. ஆனா ஒண்ணு, வீடு பாக்க யாராவது வந்தா, அவரு ஆஸ்பத்திரியில போயிட்டாருன்னே சொல்லுங்க. வீட்டுலன்னு தெரிஞ்சா நம்ம தெருவுல எதுவும் விலை போகாது."