தோளில் இருந்த கை

கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்க்கிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். குளோரியா தோளைப் பார்ப்பாள். அது அவள் வேலை.

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாமிநாதன் நடத்தும் ஃப்ளெக்ஸ் கடையில், காலேஜ் விட்டதும் மூன்று மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வாள். இறந்துபோனவர்களுக்குத் தனியாக ஒரு நல்ல போட்டோ இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. இருக்கிற காலத்தில் யார் போய்த் தனியாக நின்று எடுத்துக்கொள்கிறார்கள்? வீட்டுக்காரர்கள் ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதிலிருந்து அந்த ஒருவரை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். எடுத்தால், தோளில் யாருடைய கையாவது ஒட்டிக்கொண்டு வரும். மனைவியின் கை, தம்பியின் கை, யாரென்றே தெரியாத ஒரு மோதிரக் கை. அதை அழித்துவிட வேண்டும். உயிரோடு இருப்பவர் கை இறந்தவர் தோளில் இருந்தால் ஆகாதாம். இறந்தவர் அவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். ஞாயிறு பூசை தவறாதவர்களும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவர்களும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி.

“கையை எடுத்துட்டியாம்மா? பாடி அஞ்சு மணிக்கு எடுக்கறாங்களாம், பேக பேக” என்று சாமிநாதன் கன்னடம் கலந்து சீக்கிரப்படுத்துவார்.

எடுத்த கையை அவள் தூக்கிப் போடுவதில்லை. தன் பென் டிரைவில் ‘கைகள்’ என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைப்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒரு வருஷத்தில் இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

காலேஜில் அவளுக்கு நிலைமை சரியில்லை. ஓவியப் படிப்பில் மூன்றாம் வருஷம். போட்டோவும் எடுப்பாள், படமும் வரைவாள், இரண்டிலும் கை தேர்ந்தவள். ஆனால் இறுதி வருஷப் புராஜெக்டுக்கு அவள் கொண்டுபோன இரண்டு முயற்சிகளும் திரும்பி வந்துவிட்டன. முதலில் ஆளில்லாத பஸ் ஸ்டாப்புகள். அடுத்தது இழுத்து மூடிய ஷட்டர்கள். உஷா மேடம் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாதான் இருக்கு. இதுல நீ எங்க இருக்கே?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. அதிலும் தேறவில்லையென்றால் ஒரு வருஷம் போச்சு.

கூடப் படிக்கிறவர்கள் கேன்டீனில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் புராஜெக்டை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். குளோரியாவை யாரும் ஒதுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அவளுக்கு யாருமில்லை என்று சொல்ல முடியாது. ஒரு விஷயத்தைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வீடு நீலசந்திராவில், மாடியில் இரண்டு அறை. அப்பா சில்வெஸ்டர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் கட்டிங் மாஸ்டர். காலை ஏழுக்குப் போனால் இரவு எட்டுக்கு வருவார். அளவு தவிர வேறெதுவும் அவர் வாயிலிருந்து அதிகம் வராது. “சாதம் கொஞ்சம் போதும்.” “ஜன்னலை அரை சாத்து.” அம்மா மௌரீன் போய் எட்டு வருஷம். அப்போது குளோரியாவுக்குப் பன்னிரண்டு வயது. அதற்கடுத்த வருஷம் பெய்த மழையில், அப்போது குடியிருந்த கீழ்வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஆல்பங்களெல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. மிஞ்சியது சுவரில் மாட்டியிருக்கும் ஒரே படம், அம்மாவின் அஞ்சலி பேனருக்காகச் செய்து பிறகு ஃபிரேம் போட்டது. நீலச் சேலையில் அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறாள். தோளில் வெள்ளையாக ஏதோ கொஞ்சம் தெரியும். மல்லிகைச் சரம் முன்னால் விழுந்திருக்கிறது என்றுதான் குளோரியா நினைத்திருந்தாள். அம்மாவும் அவளும் சேர்ந்திருக்கிற படம் என்று ஒன்றுகூட இல்லை. அந்த வருத்தம் அவளுக்கு ஆறவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை கடையில் அவசரத்தில் ஒரு தப்பு செய்தாள். ஒரு பெரியவரின் தோளில் இருந்த கைக்கு வெள்ளை முழுக்கைச் சட்டை. அவள் அழித்த இடத்தில் வெள்ளை இழுபட்டு ஒரு தீற்றலாக நின்றது.

“ஏம்மா, வெள்ளைக் கையை இப்படியா தேய்ப்பாங்க? பூ விழுந்த மாதிரி இருக்கு பாரு” என்றார் சாமிநாதன்.

குளோரியா பார்த்தாள். எட்டு வருஷமாக வீட்டில் தினம் பார்க்கிற தீற்றல் அது.

வேலையை எப்படி முடித்தாள் என்றே அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் நேராகச் சுவரில் இருந்த படத்தை இறக்கினாள். மல்லிகை இல்லை. யாரோ ஒருவரின் வெள்ளைக் கை. விரல் இருந்த இடங்கள்கூட, தேடினால் கண்ணுக்குத் தட்டுப்பட்டன. சின்ன விரல்கள். மணிக்கட்டு வரைக்கும் வெள்ளை. வெள்ளைக் கிளவுஸ் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நிற்கக்கூடிய சின்னப் பெண் யார்? கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை நாளில்தான் சின்னப் பெண் கிளவுஸ் போடுவாள். எட்டு வயதில் அவளும் போட்டாள். அரிப்பு தாங்காமல் கழற்றப் போனதும், ஸ்டுடியோக்காரர் “பாப்பா, அம்மா தோள்ல கை வை” என்றதும் இப்போது நினைவுக்கு வந்தன.

சில்வெஸ்டர் வந்தபோது படம் தரையில் இருந்தது, மகள் அதன் பக்கத்தில் இருந்தாள்.

“டாடி, இது என் கைதானே?”

அவர் சாப்பாட்டுப் பையை மெதுவாகக் கீழே வைத்தார். “ஆமா.”

“ஏன் அழிச்சீங்க?”

“அத்தைதான் சொன்னாங்க. சோஃபியா அத்தை. சின்னப் பொண்ணு கை இருக்கக் கூடாது, ஆகாதுன்னு ஒரே பிடிவாதம். நானும் பயந்துட்டேன்மா. நீ ஒருத்திதானே எனக்கு இருந்தே.”

“அந்த ஒரிஜினல் போட்டோ?”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். “மம்மி கையில வச்சிட்டேன். பெட்டியை மூடறதுக்கு முன்னாடி, ஜெபமாலைக்குக் கீழ. அத்தைக்கே தெரியாது. அவ தனியா போறாளேன்னு இருந்துச்சு.”

குளோரியா அழுதாள். சில்வெஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலை அரை சாத்தினார்.

அடுத்த இரண்டு நாள் அவள் கடைக்குப் போகவில்லை. ‘கைகள்’ ஃபோல்டரைத் திறந்து பன்னிரண்டு கைகளைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் பெரிய தாளில் தனியாக அச்சடித்து, போட்டோ முடிகிற மணிக்கட்டிலிருந்து பென்சிலால் வரையத் தொடங்கினாள். கையிலிருந்து முழங்கை, அதிலிருந்து தோள், அதிலிருந்து ஒரு முகம். கை வைத்திருந்த தோளை மட்டும் வெறும் வெள்ளையாக விட்டாள். அழிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பதின்மூன்றாவது தாளில் மட்டும் அச்சடிக்கக் கை இல்லை. அதில் அம்மா படத்தின் பிரதி ஒன்றை ஒட்டி, அவள் தோளில் கை வைத்தபடி வெள்ளைக் கவுனும் கிளவுஸுமாக எட்டு வயதுப் பெண்ணை முழுக்க வரைந்தாள்.

வெள்ளிக்கிழமை உஷா மேடம் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதின்மூன்றாவதின் முன் வந்து நின்றார். அந்தப் பழைய கேள்வியைக் கேட்கப் போகிறார் என்று குளோரியா காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. படத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார், குளோரியாவைப் பார்த்தார். “இதையே செய். வருஷம் முழுக்க இதையே செய்” என்றார்.

ஒரு வருஷம் வீணாகாமல் தப்பியது. கேன்டீனைத் தாண்டிப் போகும்போது யாரிடமாவது சொல்லலாமா என்று நினைத்தாள். அங்கே எல்லோரும் வேறு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டில் அந்தத் தாளை அம்மாவின் ஃபிரேமுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினாள். எட்டு மணிக்கு வந்த சில்வெஸ்டர் செருப்பைக் கழற்றாமல் அதன் முன் நின்றார். துணியைப் பார்க்கிற மாதிரி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“பாஸ் ஆயிட்டேன் டாடி.”

“ம்.” அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “விரல் நுனி சரியில்லம்மா.”

“ஏன்?”

“அந்த கிளவுஸு அத்தை பொண்ணுது. உனக்கு ஒரு சைஸ் பெரிசு. நுனியெல்லாம் காலியா தொங்குச்சு. கோயிலுக்குக் கிளம்பற நேரத்துல மம்மி படியில உன்னை உட்கார வச்சு, உள்ள பஞ்சு அடைச்சா. நுனி குண்டு குண்டா இருக்கணும்.”

குளோரியாவுக்கு அந்தப் பஞ்சு நினைவில் இல்லவே இல்லை. தாளைச் சுவரிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். ரப்பரையும் பென்சிலையும் தேடி எடுத்து வந்தாள். சில்வெஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எந்த விரல்ல டாடி?”

“அஞ்சுலயும்தான்.”