எந்த மூலையில் தண்ணீர் நிற்கும்?

செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு மக்காச்சோளத்துக்குள் இறங்கியவர், நான்காவது வரிசைச் செடியைத்தான் அசைத்துப் பார்க்கிறார். முதல் மூன்று வரிசைகளை அவர் கண்டுகொள்வதே இல்லை. “ஓரத்துல நிக்கிறது ஊருக்குக் காட்டுறதுக்கு. உள்ள நிக்கிறதுதான் பயிர்” என்பார்.

வேளாண்மை அலுவலகத்தில் கள ஆய்வாளர். வயது ஐம்பத்திரண்டு. பயிர் மானியம் கேட்டு வரும் விண்ணப்பங்களை நேரில் போய்ச் சரிபார்ப்பது வேலை. நிலம் யார் பெயரில் இருந்தாலும் மானியம் பயிரிடுகிறவருக்கே என்பது விதி. பயிரிடாதவர்களும் எழுதிக்கொடுத்துவிடுவதால், எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: “உங்க வயல்ல எந்த மூலையில தண்ணி நிக்கும்?” உழைத்தவர் யோசிக்காமல் கை நீட்டுவார். இதனால் இவருக்கு ‘மூலையம்மா’ என்று பெயர்.

யார் வண்டியிலும் ஏறமாட்டார். “வண்டியில ஏறினா வாயை மூடிக்கணும்.” ஆட்களின் பெயர் மனதில் நிற்காது; நிலம் நிற்கும். கடைத்தெருவில் எதிரே வந்த பெரிய மனிதரை, “வாங்க, ரெண்டு ஏக்கர் தரிசு!” என்று வாய் நிறைய வரவேற்றிருக்கிறார்.

போன பருவத்தில் அவருடைய அண்ணனின் விண்ணப்பம் வந்தது.

“என் அண்ணன் நிலம் சார், வேற ஆளை அனுப்புங்க.”

“வேற ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்?” என்றார் மேலதிகாரி.

போனார். சலவை கலையாத சட்டையுடன் அண்ணன் வரப்பில் காத்திருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் முழங்கால் வரை சேற்றோடு பின்னால் நின்றார்.

“என்னையுமா கேட்கப்போறே?”

“எல்லாரையும்தானே கேட்கிறேன். எந்த மூலையில அண்ணா?”

அண்ணன் நான்கு பக்கமும் பார்த்துவிட்டுக் கிழக்கே கை காட்டினார். குத்தகைக்காரர் தரையைப் பார்த்தார். களை பிடுங்கிக்கொண்டிருந்த அவர் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

“அது மேடுங்க! தண்ணி நிக்கிறது மோட்டார் ரூம் பக்கம். போன மழையில ரெண்டு வரிசை அழுகிப்போய், மறுபடியும் விதை போட்டோம்.”

ஆய்வாளர் அங்கே போய்ப் பார்த்தார். இரண்டு வரிசை மட்டும் குட்டையாக நின்றது. பயிரிடுபவர் என்ற இடத்தில் குத்தகைக்காரர் பெயரை எழுதினார்.

“நீயெல்லாம் கூடப் பிறந்தவளா?”

“கூடப் பிறந்தவதான். அதனாலதான் ரெண்டு தடவை பார்த்துட்டு எழுதினேன்.”

மானியம் குத்தகைக்காரருக்குப் போனது. அடுத்த பருவமும் நிலத்தைத் தனக்கே குத்தகைக்கு விடுவார்களா என்று அவருக்குத் தெரியாது. ஆய்வாளரின் அம்மா இருப்பது அண்ணன் வீட்டில். தொலைபேசியில் அழைத்தால் அண்ணிதான் எடுப்பார்: “அத்தை தூங்குறாங்க.” காலை பத்து மணிக்கும் தூக்கம், மாலை ஐந்து மணிக்கும் தூக்கம். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. இவர் அழைப்பதை நிறுத்தவில்லை.

இவரைப் பற்றி எழுதுவதற்காக நான் அலுவலகத்தில் இருந்த அன்று அண்ணன் வந்தார், கையில் மேல்முறையீட்டு மனுவோடு. தங்கையின் மேசையைத் தாண்டிப் போய் எழுத்தரிடம் நீட்டினார்.

“சர்வே நம்பர் இல்லையே, ஐயா” என்று அவர் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணனுக்கு அது தெரியவில்லை. தாளைப் பிடித்தபடி நின்றார். ஆய்வாளர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார். சற்றுத் தயங்கி உட்கார்ந்தார் அண்ணன். மனுவை வாங்கி, எதையும் புரட்டிப் பார்க்காமல் எண்ணை எழுதினார் தங்கை.

“அம்மாவுக்குக் கால் வீக்கம் வத்திருச்சா?” தலை நிமிரவில்லை.

“ம்... பரவாயில்லை.”

பிறகு மனுவை முதல் வரியிலிருந்து படித்தார். ‘என் தங்கையாகிய ஆய்வாளர் ஒருதலைபட்சமாக நடந்து’ என்ற இடத்தில் பேனா நின்றது. விட்டுப்போயிருந்த ‘ப்’பைச் சேர்த்தார். பேனாவை அண்ணனிடம் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.