வெளிச்சவீட்டுத் தண்ணீர்

இது கற்பனையில்லை. எனக்கு நடந்தது. இதை எழுத உட்காருவதற்கு முன்னால்கூட இரண்டு தடவை வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வந்தேன். நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். உங்களுக்காவது தொண்டையில் தண்ணீர் நிம்மதியாக இறங்கட்டும்.

நான் கல்முனையில் பாமசி வைத்திருப்பவன். அருவருப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். கழுவித் தந்த கோப்பையையும் ஒரு தரம் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைப்பேன். "இந்த மனிசனுக்கு மூக்கு மட்டும் போதும், வாய் தேவல்ல" என்று என் மனைவி முஸ்பிறா சிரிப்பாள். அன்றைக்கு அந்த மூக்கின் பேச்சை நான் கேட்டிருக்க வேண்டும்.

மகள் நஸ்லியாவுக்கு ஒன்பது வயது. நெருப்புக்காய்ச்சலில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்து, அப்போதுதான் எழும்பி நடக்கிறாள். குடல் இன்னும் ஆறவில்லை, கொதித்தாறிய தண்ணீர் தவிர ஒரு சொட்டும் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளுடைய ரோஸ் நிறப் போத்தலை நான்தான் நிரப்புவேன். வேறு யாரையும் தொடவிட மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி எழுதிவரச் சொன்னார்களாம். கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். எந்த ஊர் வெளிச்சவீடு என்று எழுத மாட்டேன். நம் கரைதான், மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம்.

மாலை 4.50க்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கதவு திறந்திருந்தது. அறுபத்தெட்டுப் படி. நஸ்லியா எண்ணி எண்ணிக் கொப்பியில் எழுதினாள். மேலே போவதற்குள் போத்தலை முழுக்கக் குடித்து முடித்துவிட்டாள்.

"வாப்பா, தண்ணி விடாய்க்குது."

"வீட்ட போகுமட்டும் பொறு மகள். வெளித்தண்ணி ஒரு சொட்டும் கூடா."

நாங்கள் ஏறும்போது படிகள் காய்ந்து கிடந்தன. இறங்கும்போது ஈரமாக இருந்தன.

கீழே வட்டமான அறை. அங்கே ஒருவர் நின்றார். நாற்பது வயதிருக்கும். சாரன், வெள்ளைப் பெனியன். ஸலாம் சொன்னேன். பதில் சொல்லவில்லை. சாரனின் ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. டொப்... டொப்... மழை பெய்து மூன்று கிழமை.

"இங்க வேல செய்றீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம். தண்ணி பாக்கிற."

"என்ன தண்ணி?"

"கூரையில விழுற மழத் தண்ணி. இதுக்கு அடியில பெரிய தொட்டி. இங்க இருந்த நாலு குடும்பம் இதத்தான் குடிச்ச." காலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

நஸ்லியா அதையும் எழுதிக்கொண்டாள்.

மணி 5.25. அஸர் தொழுகையின் நேரம் போய்க்கொண்டிருந்தது. கடலில் கைகால் கழுவி வுழூ எடுக்கலாம் என்றால் அலை ஆளுயரத்துக்கு எழும்புகிறது. பிள்ளையையும் தனியே விட முடியாது. கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். எங்கிருந்தோ ஒரு வாளியும் கோப்பையும் கொண்டுவந்து, வாசலில் வைத்து அவரே ஊற்றினார்.

கையில் பட்டதுமே வழுக்கியது. அழுகிய முட்டை மணம்.

நிறம், ருசி, மணம் மாறிய தண்ணீரில் வுழூ இல்லை. இது குர்ஆன் ஓதப் போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நேரம் போகிறது. மனிதர் ஆசையோடு ஊற்றித் தருகிறார். பாசி மணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாய் கொப்பளித்தேன். மூன்று தரம். மூக்குக்குள்ளும் செலுத்தினேன். மூன்று தரம். சீ... இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

கோப்பையைப் பிடித்திருந்த அவரது விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"மணக்குதா?"

ஊற்றித் தந்தவரின் முகத்தைப் பார்த்து மணக்கிறது என்று எப்படிச் சொல்வது?

"இல்லயே. நல்ல தண்ணி."

அவர் முகம் விழுந்துபோனது. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

5.32. நஸ்லியாவைப் பின்னால் இருத்திவிட்டு, அந்த அறைக்குள்ளேயே தொழத் தக்பீர் கட்டினேன்.

இரண்டாவது ரக்அத்தில் கேட்டது.

குளுக்... குளுக்... குளுக்...

பின்னால்தான்.

கன்னத்துக்குள் ஏதோ உறுத்தியது. மெல்லிசாக. நாக்கால் தள்ளினேன். வரவில்லை.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினேன். நஸ்லியா மட்டும் இருந்தாள்.

"அவர் எங்க மகள்?"

"கீழ போயிட்டார் வாப்பா."

கீழே?

நாங்கள் நின்றதே கீழ்த்தளம்.

விரலை விட்டு, கன்னத்தில் ஒட்டியிருந்ததை எடுத்தேன். மீன் செதிள் என்று நினைத்தேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

நகம்.

மனித நகம். அடியில் வெள்ளையாகத் தோல்...

வாசலிலேயே வாந்தியெடுத்தேன்.

பிள்ளையைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் வைத்தது நினைவில்லை. கால் மைல் தள்ளி ஒரு தேத்தண்ணிக் கடை. 5.50. கடைக்காரர் பதியுதீன். அவரிடம் மூன்று போத்தல் தண்ணீர் வாங்கி மூன்றையும் கொப்பளித்துத் துப்பினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"ஆரு தம்பி தண்ணி தந்த? அங்க ஒரு மனிசனும் இல்ல. லைட் தன்னாலதான் எரியுது."

"தொட்டித் தண்ணி எண்டார் காக்கா."

"எந்தத் தொட்டி? எங்கட வாப்பாட காலத்திலயே மண்ணப் போட்டு மேலால கொங்கிறீட் போட்டாச்சே."

"ஏன்?"

பதியுதீன் நஸ்லியாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மீராசா எண்டு ஒருத்தர். தொட்டி பாக்கிற வேல. உள்ளுக்க விழுந்து மௌத்தாகிட்டார். ஊருக்குப் போயிட்டார் எண்டு ஒருத்தரும் தேடல்ல. பதினொரு நாள் தம்பி. நாலு குடும்பமும் அதத்தான் குடிச்ச, சமச்ச, வுழூ எடுத்த."

"மணக்கல்லயா?"

"மணக்காம? மத்தவங்க பேசாமக் குடிக்கக்குள்ள நாம எப்பிடிச் சொல்ற எண்டு ஒருத்தரும் வாய் தொறக்கல்ல. மணக்கு எண்டு ஒரு ஆள் சொல்லியிருந்தா அண்டைக்கே மூடியத் தொறந்திருப்பாங்க. பாவம், அடக்கிறதுக்கு முதல் அந்த மையித்த குளிப்பாட்டக்கூட ஏலாமப் போயிட்டு."

நான் திரும்பவும் துப்பினேன்.

அப்போதுதான் நஸ்லியாவின் கையைப் பார்த்தேன்.

ரோஸ் நிறப் போத்தல். படியேறும்போது அவள் வெறுமையாக்கிய போத்தல்.

பாதி வரைக்கும் தண்ணீர் இருந்தது. கலங்கல் தண்ணீர்.

"மகள்... இது ஆரு தந்த?"

"அந்த மாமாதான் நிரப்பித் தந்த."

"மற்றப் பாதி?"

"குடிச்சிட்டன்."

"ஏன் புள்ள குடிச்ச?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே வாப்பா நல்ல தண்ணி எண்டு சொன்னீங்க."

அந்த அஸரைத் திரும்பத் தொழுதேன். அன்றிரவே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று தடவை இரத்தம் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். காய்ச்சலும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அன்றிலிருந்து நான் கொதித்தாற வைத்துக் கொடுக்கும் தண்ணீரை அவள் வாயில் வைப்பதில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோவாள். முகத்தைச் சுளிப்பாள்.

"மணக்குது வாப்பா. அந்த மாமாட தண்ணி வாங்கித் தாங்க."