வெளியில் நின்ற பத்து மாதங்கள்

என் அம்மா சிவக்கொழுந்துக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. புத்தூரில் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை ஏதாவது ஒரு வேலை, சாப்பாடும் நின்றபடிதான். மாதவிடாய் நின்று மூன்று வருடம் கழித்து மறுபடி இரத்தம் பட்டபோது அவர் செய்தது ஒன்றே ஒன்று: துடக்கு, தீட்டு என்று பிள்ளையார் கோயிலுக்குள் போவதை நிறுத்தினார். பத்து மாதம் தெருவில் நின்றே கும்பிட்டார். பிள்ளையாருக்குக் காட்டிய மரியாதையில் பாதியை டாக்டருக்குக் காட்டியிருக்கலாம். ஒரே வீட்டில் இருந்த நானும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு என்மேல் இன்னும் ஆறவில்லை.

பத்து மாதம் கழித்துத்தான் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்; சோதித்தார்கள். கருப்பை வாயில் புற்றுநோய். பக்கத்துக்கும் பரவிவிட்டது, வெட்டி எடுக்க முடியாது என்றார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை, அம்மா 'கறண்ட்' என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சை, வாரத்தில் ஒரு நாள் கீமோ மருந்து, இப்படி ஐந்து வாரம். மருந்து கட்டியைப் பலவீனப்படுத்தும், கதிர் அதைச் சுடும், இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல பலன், ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார்.

சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும் கீமோச் சத்தியைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டார். கதிர் கொடுக்கும் மேசையில் அசையாமல் கிடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, சலத்தை அடக்கிக்கொண்டு முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். அந்த நேரம் முழுக்க விறாந்தையில் மேலும் கீழும் நடப்பார். பார்க்கிற எனக்குத் தலை சுற்றும்.

மூன்றாம் வாரம் இரத்தம் நின்றது. அடுத்த புதன்கிழமை கோயிலில் தேர். அம்மா விடியவே குளித்து, பட்டுச்சேலை உடுத்து வாசலுக்கு வந்துவிட்டார். இன்றைக்கு ஆஸ்பத்திரி இல்லையாம், இனிமேலும் இல்லையாம்.

"நிண்டிட்டுது பிள்ளை. இனி என்னத்துக்குக் கறண்ட்?"

இரத்தம் நின்றது மருந்தும் கதிரும் வேலை செய்வதால்தான், கட்டி இன்னும் உள்ளே இருக்கிறது என்றேன். தோட்டத்துக் கோரைப்புல்லை மேலால் செருக்கிவிட்டுக் கிழங்கை மண்ணுக்குள் விடுவீர்களா என்று கேட்டேன். காதில் விழாதவர்போலக் கொண்டை முடிந்தார். பத்து மாதம் துடக்கோடு வெளியில் நின்றாராம், இன்றைக்காவது உள்ளே போக விடட்டாம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அது துடக்கில்லையணை அம்மா, புற்றுநோய் வருத்தம். பிள்ளையார் உங்களை வெளியில விடேல்லை."

அம்மா வாசற்படியில் இருந்துவிட்டார்.

"அப்ப நான் அவ்வளவு நாளும் உள்ளுக்குப் போயிருக்கலாம், என்ன?"

போயிருக்கலாம். டாக்டரிடமும் போயிருக்கலாம். நான் சொல்லாமலே அவருக்கு விளங்கியிருந்தது. எழுந்து உள்ளே போய்ப் பட்டுச்சேலையை மாற்றிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு வந்தார்.

ஓட்டோ சுன்னாகம் றோட்டில் திரும்பும்போது தேர் வெளிக்கிடும் மேளம் கேட்டது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கெதியாய் ஓடச் சொல்லிச் சாரதியை அவசரப்படுத்திக்கொண்டே வந்தார். நான் மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன்.